ஆங்கில வகுப்பில் பிள்ளைகளைச் "சும்மா" படிக்க விடுவது எப்படி? வாரம் இரண்டு பீரியட் கிடைத்திருக்கிறது

பெரம்பூர்_மிஸ்:

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன், ஏழாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும். புதிதாக வந்த ஹெச்.எம். கொஞ்சம் வேறு மாதிரி ஆள். "நூலக பீரியட் ஒண்ணு, இங்கிலீஷ் பீரியட் ஒண்ணு, ரெண்டையும் எடுத்துக்கோங்க, பசங்க சந்தோஷமா படிக்கணும், எப்படின்றது உங்க பாடு, பாடக்குறிப்பு மட்டும் எழுதிக் காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் பள்ளியில் நூலக பீரியட் என்றால் கணக்கு சார் போர்ஷன் முடிக்கக் கடன் வாங்கும் பீரியட் என்றுதான் இதுவரை அர்த்தம். அதனால் முதலில் சந்தோஷம், அப்புறம் பயம்.

ஜூனிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, முடித்ததும் கதைச் சுருக்கம், பிடித்த கதாபாத்திரம், புதிய சொற்கள் பத்து, கதையின் நீதி என்று ஒரு தாளை நிரப்பச் சொன்னேன். மூன்றாவது வாரம் தாள்களை எடுத்துப் பார்த்தால் பின்னட்டையில் இருப்பது அப்படியே இறங்கியிருக்கிறது. நான்கு பேரிடம் ஒரே சுருக்கம், எழுத்துப் பிழை உட்பட. நரிக் கதைக்கு நீதி "ஹானஸ்டி இஸ் த பெஸ்ட் பாலிசி", யானைக் கதைக்கும் அதே, ராக்கெட்டில் போகிறவன் கதைக்கும் அதே!

வகுப்புக்கு 44 பேர். அலமாரியில் நூறு புத்தகம் இருக்கும், அதில் பாதி யாரோ வீடு காலி செய்யும்போது கொடுத்த கலைக்களஞ்சியம். ஒன்பதாம் வகுப்பில் சிலருக்குப் பக்கத்துக்கு மூன்று வரி உள்ள படக்கதையே தடுமாற்றம்தான், ஆனால் அதை நீட்டினால் "மிஸ், இது பேபி புக்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதே வகுப்பில் ஒரு பெண் அம்மாவின் போனில் பேய்க் கதையாக முந்நூறு பக்கம் படிக்கிறாள், அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

40 நிமிடத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்? மார்க் போடாமல், கேள்வி கேட்காமல் விட்டால் படிக்கிறார்களா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாடக்குறிப்பில் கற்றல் விளைவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது, "சும்மா படித்தார்கள்" என்றா?


கரும்பலகை_தாம்பரம்:

டீச்சர், முதல் வேலையாக அந்தத் தாளைத் தூக்கிப் போடுங்கள். கல்யாணப் பந்தியில் இலையை மடிக்கும் நேரத்தில் ஒருவர் வந்து "சாம்பாரில் போட்ட காய் ஐந்தைக் கூறுக" என்று நின்றால் அடுத்த கல்யாணத்துக்கு எவன் சாப்பிடப் போவான், மொய் வைத்துவிட்டு ஓடிவிடுவான்.

நான் 31 வருடம் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்து வருடம்தான் இதை ஒழுங்காகச் செய்தேன், அதுவும் இரண்டு வருடம் சொதப்பிய பிறகு. பீரியட் ஆரம்பித்ததும் பத்து நிமிடம் நான் உரக்கப் படிப்பேன். விளக்கம் கிடையாது, தமிழில் அர்த்தம் சொல்வது மிகக் குறைவு, குரலும் கையும்தான். கதவு திறக்கப் போகிற இடத்தில் நிறுத்திவிடுவேன். அப்புறம் 20 நிமிடம் அவரவர் புத்தகம், அவரவர் இஷ்டம், பிடிக்கவில்லையென்றால் பாதியில் மாற்றிக்கொள்ளலாம். மிச்ச நேரம் யாருக்காவது ஏதாவது சொல்லத் தோன்றினால் சொல்லலாம், தோன்றாவிட்டால் சும்மா இருக்கலாம். முதல் நாளே 20 நிமிடம் என்று உட்கார வைக்காதீர்கள், ஊர்ச் சந்தை ஆகிவிடும். நான் ஏழு நிமிடத்தில் தொடங்கி வாரம் இரண்டு நிமிடமாகக் கூட்டினேன்.

அந்த 20 நிமிடம் நீங்களும் படிக்க வேண்டும். நான் முதல் வருடம் அந்த நேரத்தில் காம்போசிஷன் நோட்டுக் கட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் நேராகவே கேட்டான், "சார், நீங்க மட்டும் ஏன் படிக்கல?"

புத்தகம் சரியான அளவா என்று பார்க்க விரல் கணக்கு போதும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு. ஐந்தும் மடங்கினால் இப்போதைக்கு வை. ஹூ, நேஷன் என்று இருவர் 2000இல் செய்த ஆய்வில், யார் துணையும் அகராதியும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொண்டு போக நூற்றுக்குச் சுமார் 98 சொல் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. அப்படிப் பார்த்தால் நம் ஒன்பதாம் வகுப்பு உரைநடைப் பாடம் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு வாசிப்பே இல்லை, கல் உடைக்கிற வேலை. வாசிப்பு பீரியடிலும் கல்லையே கொடுத்தால் எப்படி? எளிதாகத்தான் இருக்க வேண்டும், வெட்கம் கெட்ட அளவுக்கு எளிதாக. இது புது ஃபேஷனும் இல்லை. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920களில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோதே, வங்காளப் பிள்ளைகளுக்காகப் புதுச் சொற்களை அளந்து அளந்து விட்டு வாசிப்பு நூல்கள் எழுதினார். இன்று கிரேடட் ரீடர் என்று விற்பதற்கெல்லாம் முன்னோடி அவைதான்.

"பேபி புக்" விஷயத்துக்கு எனக்குப் பலித்த ஒரு வழி: ஒன்பதாம் வகுப்புப் பசங்களிடம், "மாதக் கடைசி வெள்ளி ஆறாம் வகுப்புக்குப் போய்க் கதை படித்துக் காட்டணும், இப்போதே எடுத்துப் பழகுங்க" என்று சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் படக்கதை அவர்கள் செய்ய வேண்டிய வேலை ஆகிவிடும். சிறு பிள்ளைகள் முன்னால் தடுமாறக் கூடாது என்று ஒரே புத்தகத்தைப் பத்துத் தடவை படிப்பான்.


வேளச்சேரி_பி_டி:

மேடம், மேலே சார் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நான் மெட்ரிக் பள்ளியில் இருக்கிறேன், நடைமுறையைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு என்றால் அடுத்த வருடம் பப்ளிக். இப்போது ஆங்கிலம் ஒரே தாள், 100 மார்க். தேற வைப்பது மனப்பாடப் பாட்டும் லெட்டரும்தான், இஷ்டப்பட்டுப் படித்த கதை இல்லை. பெற்றோர் கூட்டத்தில் "வாரத்துக்கு ரெண்டு பீரியட் கதைப் புத்தகமா?" என்று ஒருவர் கேட்டால் நம்மிடம் பதில் வேண்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். எழுத்துக்கூட்டவே வராத பையனிடம் புத்தகத்தைக் கொடுத்து அமைதியாகப் படி என்றால் அவன் அமைதியாக உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். போன வருடம் என் வகுப்பில் ஒருவன் 15 நிமிடம் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தான். கிட்டே போய்ப் பார்த்தால் படங்கள் மட்டும்தான். அவனுக்கு நான் ஒலிப்பு, அதாவது எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பதை, சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய நேரம் அது.


கரும்பலகை_தாம்பரம்:

வேளச்சேரி சார் சொன்ன இரண்டாவது விஷயம் நூற்றுக்கு நூறு சரி. எழுத்துக்கூட்ட வராதவர்களைத் தனியாக விடக் கூடாது. ஐந்தாறு பேரை என் மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, ஒரே புத்தகத்தை விரல் ஓட்டிச் சேர்ந்து படிப்பேன், மெதுவான குரலில். அவர்களுக்கு வேறு வேளையில் ஒலிப்பும் வேண்டும், இதையும் விடக் கூடாது.

முதல் விஷயத்துக்கு ஃபிஜித் தீவுக் கதையைச் சொல்கிறேன். 1980 வாக்கில் எல்லி, மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே கிராமப் பள்ளிகளில் வகுப்புக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களை இறக்கினார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள். சில வகுப்புகளில் பிள்ளைகள் தாமாக மௌனமாகப் படித்தார்கள், சிலவற்றில் ஆசிரியரோடு சேர்ந்து. எட்டு மாதத்தில் இரண்டு வகையினரும் வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கமாக முன்னேறுவதைப் போல இரண்டு மடங்கு முன்னேறியிருந்தார்கள். அவர்கள் நாலாவது, ஐந்தாவது படித்த சின்னப் பிள்ளைகள், அதனால் பத்தாம் வகுப்பு மார்க்குக்கு இதை அப்படியே சாட்சியாக இழுக்க மாட்டேன். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல இது போதும்.


லஸ்_முனை_வாசகி:

நான் டீச்சர் இல்லை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் திரட்டித் தருகிற சின்னக் குழுவில் இருக்கிறேன். புத்தகத்துக்கு மட்டும் வழி சொல்கிறேன் அக்கா.

ஸ்டோரிவீவர் தெரியுமா? பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இலவசத் தளம். கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கும், திறந்த உரிமம் என்பதால் அச்சடித்து மடித்து ஸ்டேப்ளர் போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, நிறையக் கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தடுமாறுகிற பையனுக்கு முதலில் தமிழில் கொடுங்கள். கதை என்னவென்று தெரிந்த பிறகு ஆங்கிலத்தைக் கண்டு பயப்பட மாட்டான். சென்னையிலேயே இருக்கும் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் வருகிற படப் புத்தகங்கள் போடுகிறது, அதுவும் இதற்கு உதவும்.

அப்புறம் கிரிக்கெட். முந்தின நாள் ராத்திரி சேப்பாக்கம் மேட்சைப் பார்த்தவனுக்கு மறுநாள் ஆங்கிலப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் பாதிக்கு மேல் முன்பே தெரியும், கடினமான வினைச்சொல்லைக்கூட அவனே ஊகித்துவிடுவான். நான் பழைய விளையாட்டுப் பத்திரிகைகளைத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் பொறுக்குவேன். பேரம் பேசத் தெரிய வேண்டும், புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மலரக் கூடாது, அவ்வளவுதான் ரகசியம். ஒரு நாள் பிள்ளைகளைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் கூட்டிப் போங்கள், குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

போனில் படிக்கிற பெண்ணைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவள் ஏற்கெனவே உங்கள் பாடக்குறிப்புக்கு வெளியே போய்விட்டாள். என்ன படிக்கிறாள் என்று மட்டும் ஒரு கண் வையுங்கள், பேய்க் கதை என்ற பெயரில் அந்த வயதுக்கு ஆகாததும் கலந்து கிடக்கும்.


சாவி_என்னிடம்:

ஒரு சின்ன விஷயம். அலமாரி ஏன் எப்போதும் பூட்டியே இருக்கிறது என்று யாரும் பேசவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் தொலைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும், பல இடங்களில் காசும் கட்ட வேண்டும். நான் அப்படிக் கட்டியவன். அதனால் பதிவேட்டில் ஏறாத புத்தகங்களை, அதாவது மேலே சொன்ன ஸ்டேப்ளர் புத்தகம், பழைய பத்திரிகை, நன்கொடை, இவற்றை ஓர் அட்டைப் பெட்டியில் வகுப்பிலேயே வைத்துவிடுங்கள். இரவல் நோட்டு ஒன்று, அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பிள்ளைகள். நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், கடைசி பெஞ்சிடம் கொடுங்கள். வசூலில் அவர்கள்தான் கில்லாடி.

பாடக்குறிப்புக்கு: "தன் நிலைக்கேற்ற ஆங்கில நூலைத் தானே தேர்ந்து 15 நிமிடம் தொடர்ந்து படிப்பர்" என்று எழுதுங்கள். அது கற்றல் விளைவுதான், வகுப்பில் வந்து பார்த்தால் கண்ணுக்கும் தெரியும். ஏழாம் வகுப்புக்கு எஃப்.ஏ. (வளரறி மதிப்பீடு) செயல்பாட்டு மார்க் இருக்கிறதே, அதில் உரக்கப் படித்துக் காட்டுவதைச் சேர்த்துக்கொள்ளலாம். எத்தனை புத்தகம் படித்தான் என்பதற்கு மட்டும் மார்க் போடாதீர்கள். நான் போட்டேன். ஒருத்தி ஒரே வாரத்தில் 19 புத்தகம் முடித்தாள்.


பெரம்பூர்_மிஸ்:

எல்லோருக்கும் நன்றி, பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது.

தாளை நிறுத்திவிட்டேன். "அப்போ நோட்டுல என்ன மிஸ் எழுதறது?" என்று முதல் நாள் நாலைந்து பேர் பதறினார்கள். ஏழாம் வகுப்பு பரவாயில்லை, 11 நிமிடம் வந்துவிட்டோம். ஒன்பதாம் வகுப்பு இன்னும் சத்தம்தான், ஒரு வாரம் மருத்துவ முகாமில் போய்விட்டது. உரக்கப் படிக்கும்போது மட்டும் இரண்டு வகுப்பும் அடங்குகிறது, கரும்பலகை சார் சொன்ன மாதிரி கதவு திறக்கிற இடத்தில் நிறுத்தினேன், ஒரு பையன் என்னைத் திட்டியே விட்டான். ஆறாம் வகுப்புக்குப் படித்துக் காட்ட எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் வேளச்சேரி சார் சொன்ன ரகம், அவர்களோடு மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிடம் தனியாக உட்காருகிறேன், ஒலிப்பிலிருந்து. அது மெதுவாகத்தான் போகிறது, இந்த மாதக் கடைசிக்குள் தயாராவார்களா என்று சந்தேகம்.

போனில் பேய்க் கதை படிக்கிற பெண்ணிடம் பேசினேன். அவள் படிப்பதில் இரண்டு கதை எனக்கும் பிடித்துவிட்டது, மூன்றாவதைப் பார்த்ததும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதாயிற்று.

கணக்கு சார் நேற்று வந்து கேட்டார். ஹெச்.எம். பெயரைச் சொல்லித் தப்பித்தேன், அரையாண்டு நெருங்கினால் என்ன சொல்வேனோ தெரியவில்லை.

பெட்டி வைத்தாயிற்று, ஆனால் கிரிக்கெட் பத்திரிகை ஏழுதான் கிடைத்தது, அதற்கு அடிதடி. பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழையது கிடந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வண்டியில் வந்து எடுத்துக்கொள்கிறேன். அட்டை கிழிந்திருந்தாலும் சரி.