மோக்வாயின் முதலிடம்: சொந்த லேபிளின் வெற்றியா, ஒரு வாரத்துக் கணக்கா?

செவிவழி:
2021 பிப்ரவரி கடைசி வாரத்தில் பிரித்தானிய ஆல்பம் பட்டியலின் உச்சியில் நின்றது கிளாஸ்கோ நகரத்து மோக்வாய் குழு. அவர்களுடைய பெரும்பாலான படைப்புகளில் பாடும் குரலே கிடையாது. ஒரு மெல்லிய கித்தார் இழை நிமிடக்கணக்கில் தயங்கி நின்று, பிறகு காதைப் பிளக்கும் இரைச்சலாக வெடிப்பதே அவர்கள் பெயர் வாங்கிய பாணி. அப்படிப்பட்ட குழுவின் பத்தாவது ஸ்டூடியோ ஆல்பமான 'ஆஸ் தி லவ் கன்டினியூஸ்' முதலிடம் பெற்றதை நான் தற்செயலாகக் கருதவில்லை. 1995-இல் தொடங்கிய இவர்கள், மறு ஆண்டே முதல் சிங்கிளை 'ராக் ஆக்‌ஷன்' என்ற தங்கள் சொந்த லேபிளில் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தில்) வெளியிட்டார்கள். 2011 முதல் பிரித்தானியாவில் தங்கள் ஸ்டூடியோ ஆல்பங்களை அதே லேபிளில்தான் கொண்டுவருகிறார்கள். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் இயங்கியதன் பலனே அந்த முதலிடம் என்பது என் நிலைப்பாடு.

கணக்கப்பிள்ளை:
பட்டியல் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நண்பர் பார்க்க வேண்டும். கட்டணம் செலுத்திக் கேட்போரின் ஆயிரம் ஸ்ட்ரீம்கள் சேர்ந்தால்தான் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம். ஒரு வினைல் தட்டோ அப்படியே ஒரு விற்பனை. ஆகவே முன்பதிவு செய்து தட்டு வாங்கும் விசுவாசமான ரசிகர்கள் உள்ள எந்தக் குழுவும், போட்டி குறைந்த வாரத்தில், முதல் ஏழு நாள்களுக்கு மேலே ஏறிவிட முடியும். அடுத்த வாரமே முதலிடம் கைமாறியது. அது ஊரடங்குக் காலம் என்பதையும், கச்சேரிக்குச் செலவிட்டிருக்கக்கூடிய பணம் தட்டுகளுக்குத் திரும்பியது என்பதையும் விட்டுவிட்டு இதை லேபிளின் வெற்றி என்று சொல்வது மிகை.

சொந்தக் காலில் நின்றார்கள் என்பதும் பாதி உண்மையே. முதல் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது தி டெல்கடோஸ் குழுவினர் நடத்திய கெமிக்கல் அண்டர்கிரவுண்ட் லேபிள். அமெரிக்காவில் 2011-இலும் 2014-இலும் வந்த ஆல்பங்களை வெளியிட்டது சப் பாப் என்ற லேபிள். அதில் 49 விழுக்காட்டுப் பங்கு வார்னர் குழுமத்தினுடையது. இவற்றோடு திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் பின்னணி இசை அமைத்து ஈட்டிய வருமானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செவிவழி:
ஒரு வாரத்து விபத்து என்றால் அதற்கு முந்தைய ஏற்றத்தை எப்படி விளக்குவீர்கள்? 2014-இல் வந்த 'ரேவ் டேப்ஸ்' பத்தாம் இடம், 2017-இல் வந்த 'எவ்ரி கன்ட்ரிஸ் சன்' ஆறாம் இடம், 2021-இல் முதலிடம். நடுவில் 2015-இல் கித்தார் கலைஞர் ஜான் கம்மிங்ஸ் விலகியும் இந்த ஏற்றம் நிற்கவில்லை. ஊரடங்கு அவர்களுக்கு வசதி செய்து கொடுத்தது என்பதும் சரியன்று. தயாரிப்பாளர் டேவ் ஃப்ரிட்மன் அமெரிக்காவில் இருந்தபடியே காணொளி வழியாக வழிநடத்த, குழுவினர் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் ஒரு ஸ்டூடியோவில் அமர்ந்து பதிவு செய்த ஆல்பம் அது. அதே ஆண்டில் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி விருதின் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றதும், ஸ்காட்லாந்தின் ஆண்டுச் சிறந்த ஆல்பம் விருதை வென்றதும் விற்பனைக் கணக்கினால் கிடைத்தவை அல்ல.

பின்னணி இசையை ஏதோ பக்கவாட்டு வருமானம் போலச் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. கால்பந்து வீரர் ஜிதானை ஓர் ஆட்டம் முழுவதும் பின்தொடர்ந்த 2006-ஆம் ஆண்டுப் படத்துக்கு அவர்கள் அமைத்த இசை, படத்தின் பாதி உயிர். 'லே ரெவனான்ட்' என்ற பிரெஞ்சுத் தொடருக்கோ படப்பிடிப்பு தொடங்கும் முன்பே இசையை எழுதத் தொடங்கிவிட்டார்கள். காட்சிக்கு ஏற்ப இசை என்ற வழக்கம் அங்கே தலைகீழானது.

நெடுஞ்சுருதி:
இருவரும் ஒரே குழுவை மட்டும் வைத்து வாதிடுகிறீர்கள். ஷெஃபீல்டின் 65டேஸ்ஆஃப்ஸ்டாட்டிக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2001-இல் தொடங்கியவர்கள், சிறு லேபிள்களில் வெளியிட்டவர்கள், தி க்யூர் குழுவின் பெரிய சுற்றுப்பயணத்தில் தொடக்கக் கச்சேரி செய்தவர்கள், 2016-இல் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற கணினி விளையாட்டுக்கு முழு இசையும் அமைத்தவர்கள். பின்னாளில் மாதச் சந்தா கட்டும் ரசிகர்களை நம்பியே புதிய படைப்புகளை வெளியிட்டார்கள். செவிவழி சொல்லும் தற்சார்பும் அவர்களிடம் இருந்தது, கணக்கப்பிள்ளை சொல்லும் பின்னணி இசை வாய்ப்பும் கிடைத்தது. பட்டியலின் உச்சி மட்டும் அவர்களுக்கு எட்டவில்லை.

வேறுபாடு காலத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மோக்வாய் வந்தபோது பிரித்தானியாவில் அச்சு இசை இதழ்கள் உயிரோடு இருந்தன. பிபிசி வானொலியில் தொகுப்பாளர் ஜான் பீல் தம் நிகழ்ச்சியில் இத்தகைய குழுக்களை ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். தட்டு விற்ற பணத்தில் ஒரு குழு பிழைக்க முடிந்தது. 1997-இல் 'மோக்வாய் ஃபியர் சாட்டன்' போன்ற பதினாறு நிமிடப் படைப்பை முதல் ஆல்பத்தின் கடைசியில் வைத்து, அதை நாடு முழுவதும் கேட்க வைக்க அன்று வழி இருந்தது. அந்தத் தலைமுறைக் கேட்பாளர்கள் நாற்பதைக் கடந்து, கையில் காசு சேர்ந்து, 2021-இல் வினைல் வாங்கினார்கள்.

கணக்கப்பிள்ளை:
நெடுஞ்சுருதி சொன்னது நான் சொன்னதைவிடக் கூர்மையானது. அப்படியானால் இந்த வழி இனி வருவோருக்குத் திறந்திருக்கிறது என்று செவிவழி எப்படிச் சொல்ல முடியும்? ஏணியில் ஏறியவர்களைப் பாராட்டலாம். ஏணியே எடுக்கப்பட்டுவிட்ட பிறகு அதை முன்மாதிரி என்று காட்டுவது புதியவர்களை ஏமாற்றுவதாகும். 2010-க்குப் பிறகு தொடங்கி, சொந்த லேபிள் வைத்து, சொற்களற்ற இசையால் இந்த உயரம் தொட்ட ஒரு பிரித்தானியக் குழுவைக் காட்டுங்கள்.

செவிவழி:
ஜான் பீல் காலத்துக் குழுக்கள் எத்தனையோ கலைந்தன. அவற்றுள் மோக்வாய் ஏன் நிலைத்தது என்பதற்குக் காலம் மட்டும் விடையாகாது. தட்டு விற்ற பணத்தை அவர்கள் எங்கே போட்டார்கள் என்று பாருங்கள். தயாரிப்பாளர் டோனி டூகனுடன் சேர்ந்து கிளாஸ்கோவில் 'காசில் ஆஃப் டூம்' ஸ்டூடியோவை அமைத்தார்கள். லேபிளையும் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் கேட்டபடி சொற்களற்ற இசைக்குழு ஒன்றை என்னால் காட்ட முடியாது. ஆனால் ராக் ஆக்‌ஷன் வெளியிட்ட சேக்ரட் பாஸ் என்ற இருவர் கொண்ட இளம் குழுவினர், ஸ்காட்லாந்தின் அதே ஆண்டு விருதை 2017-இல், அதாவது மோக்வாய்க்கு நான்கு ஆண்டுகள் முன்பே, தங்கள் முதல் முழு ஆல்பத்துக்கு வென்றார்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பிய ஆரப் ஸ்ட்ராப் குழுவின் ஆல்பமும் 2021 மார்ச்சில் இதே லேபிளில்தான் வந்தது. ஏணி எடுக்கப்பட்டுவிட்டது என்கிறீர்களே, இவர்கள் எதன் வழியாக ஏறினார்கள்?

நெடுஞ்சுருதி:
அந்த இரு குழுக்களில் ஆரப் ஸ்ட்ராப் மோக்வாயின் சமகாலத்தவர்; தொண்ணூறுகளில் கெமிக்கல் அண்டர்கிரவுண்டில் பக்கத்துப் பக்கமாக இருந்தவர்கள். ஆகவே உங்கள் சான்று ஒன்றாகக் குறைகிறது. ஆனால் அந்த ஒன்றை நான் மறுக்கவில்லை.