கோவையிலிருந்து நியூயார்க்: எந்த வழி குறுகியது?

கேள்வி (அவிநாசி):
வணக்கம். தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக, முழங்கால் வலியுள்ள என் அம்மாவை வரும் ஜனவரியில் நியூயார்க்குக்கு அழைத்துச் செல்கிறேன். உலகம் உருண்டை என்பதால் சிங்கப்பூர் வழியாகப் போனாலும் அபுதாபி வழியாகப் போனாலும் தொலைவு ஒன்றுதான் என்கிறார் டிக்கெட் போட்டுத் தருபவர். சிங்கப்பூர் வழிக்குக் கட்டணமும் குறைவு. அவர் சொல்வது சரிதானா? மேலும், அபுதாபியிலிருந்து நியூயார்க்குக்குப் போக ஏறத்தாழ 14 மணி நேரமும், திரும்பி வர அதைவிட ஒன்றரை மணி நேரம் குறைவாகவும் காட்டுகிறதே, ஏன்?

மறுமொழி (பீளமேடு):
சரியல்ல. வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால், கோவைக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் நேர் மேற்கே போகாமல் வடமேற்காக ஏறி, பாகிஸ்தான், ரஷ்யா, ஸ்வீடன், ஐஸ்லாந்து ஆகியவற்றின் மேலாகச் சென்று இறங்கும். அதன் நீளம் ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். அபுதாபி வழியாகப் போனால் 2,800, பிறகு 11,030 என்று மொத்தம் 13,830 வருகிறது. அதாவது சுற்று வெறும் 300 கிலோமீட்டர்தான். சிங்கப்பூர் வழியிலோ முதலில் 3,160 கிலோமீட்டர் எதிர்த்திசையில் போய், அங்கிருந்து 15,300 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். சிங்கப்பூர்–நியூயார்க் நேரடி விமானம் ஒரே மூச்சில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறப்பது. முழங்கால் வலியுள்ளவரை அதில் உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

நேர வேறுபாட்டுக்குக் காரணம் காற்று. ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து சூலூர் நோக்கிச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்றோட்டம் ஒன்று உண்டு. வெப்பப் பகுதிக்கும் துருவப் பகுதிக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டால் உண்டாகும் அது, குளிர்காலத்தில் வலுத்துவிடும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று.

மறுமொழி (பொள்ளாச்சி):
மேலே சொன்னது நியூயார்க்குக்குப் பொருந்தும். அமெரிக்கா முழுமைக்கும் அல்ல. 2016இல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது, பறக்கும் தொலைவு 13,900இலிருந்து 15,300 கிலோமீட்டராகக் கூடியும், பின்காற்றின் தயவால் பயண நேரம் குறைந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அபுதாபி என்றே முடிவு செய்துவிட்டேன். அங்கே மாறுவதற்கு இரண்டு மணி நேர இடைவெளி போதுமா?

மறுமொழி (பீளமேடு):
போதாது. அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை அபுதாபியிலேயே முடித்து அனுப்பும் ஏற்பாடு 2014 முதல் இருக்கிறது. ஆகவே வரிசை நீளும், ஆனால் நியூயார்க்கில் இறங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலியை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். இரு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும், தனித்தனியாக எடுத்தால் முதல் விமானத்தின் தாமதம் உங்கள் தலையில்தான் விழும். டிக்கெட்டிலுள்ள மணி அந்தந்த ஊர் மணி என்பதையும், ஜனவரியில் நியூயார்க் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்பதையும் தங்கையை விமான நிலையத்துக்கு வரச்சொல்லும்போது நினைவில் கொள்ளுங்கள்.