பந்தெறிக் கடிகாரம் மைதானத்தின் சுகத்தைக் கெடுத்ததா?

ஆறு-நாலு-மூன்று:
2023-இல் அமெரிக்காவின் முதல்நிலைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலுக்குப் பந்தெறிக் கடிகாரம் வந்தபோது எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். பேஸ்கள் (ஓடுபவர் தொட்டு நிற்கும் இடங்கள்) காலியாக இருந்தால் பிட்சர், அதாவது பந்தெறிபவர், 15 விநாடிகளுக்குள் எறிந்தாக வேண்டும். ஆள் நின்றால் 20 விநாடிகள், அதுவும் மறு ஆண்டே 18 ஆயிற்று. பிட்சர் தாமதித்தால் பேட்டருக்கு ஒரு ‘பால்’ இனாம்; நான்கு ‘பால்’ சேர்ந்தால் அவர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். பேட்டர் தயாராகாவிட்டால் அவர் கணக்கில் ஒரு ஸ்ட்ரைக்; மூன்று சேர்ந்தால் அவுட். வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவருக்கு இது வசதியாக இருக்கலாம். ஆனால் பாஸ்டன் ஃபென்வே பார்க்கில், மடியில் ஸ்கோர் அட்டையும் கையில் பென்சிலுமாக அமர்பவனுக்கு, ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே கிடந்த அந்த வெற்று நேரம்தான் மைதானத்துக்கு வருவதற்கே காரணம். பிட்சர் அடுத்து என்ன எறிவார் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பந்தயம் கட்டுவதும், அவர் முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தோல்வியைச் சொல்லிப் புலம்புவதும் அந்த இடைவெளியில்தான் நடந்தன. இப்போது ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து இரண்டாம் பேஸ், அங்கிருந்து முதல் பேஸ் என்று பறந்த ஒரு டபுள் பிளேயை (ஒரே பந்தில் இருவர் அவுட்) ஆட்டக்காரர்களின் இட எண்களால் ‘6-4-3’ என எழுதி நிமிர்வதற்குள் அடுத்தவருக்கு ஒரு ஸ்ட்ரைக் விழுந்திருக்கிறது.

கடைசி ரயில்:
ஐயா, பேட்டர் மாறும்போது 30 விநாடிகள் உண்டு என்பதைத் தாங்கள் வசதியாக விட்டுவிட்டீர்கள். மூன்று எண்களை எழுத அரை நிமிடம் போதாதா?

ஒன்பது இன்னிங்ஸ் (இரு அணிகளும் ஒரு முறை மட்டை பிடிக்கும் சுற்று) கொண்ட ஆட்டம் 2021-இல் சராசரியாக 3 மணி 10 நிமிடம் ஓடியது. 2023-இல் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். குறைந்தது ஆட்டம் அன்று. பிட்சர் தான் நின்று எறியும் மேட்டைச் சுற்றி நடந்ததும், பேட்டர் ஒவ்வொரு பந்துக்கும் கையுறைப் பட்டையைப் பிரித்துப் பிரித்து ஒட்டியதும்தான் குறைந்தன. 7.10-க்குத் தொடங்கும் ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ் வரும்போது என் மகள் தோளில் தூங்கிவிடுவாள்; மறுநாள் பள்ளி இருப்பதால் அப்படியே தூக்கிக்கொண்டு கென்மோர் ரயில் நிலையத்துக்கு நடப்பேன். பின்னால் மைதானத்திலிருந்து பெரும் கூச்சல் எழும்; யார் அடித்தார் என்று படிக்கட்டில் நின்று கைப்பேசியில் பார்ப்பேன். ஒன்பதாவது இன்னிங்ஸை அவள் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது கடிகாரம் வந்த பிறகுதான்.

பச்சைச்சுவர்:
கடைசி ரயில் சொல்வதை எண்ணிக்கையும் ஆதரிக்கிறது. மேஜர் லீக் மைதானங்களுக்கு வந்தவர்கள் 2022-இல் சுமார் 6.45 கோடி, 2023-இல் சுமார் 7.07 கோடி. சலிப்பூட்டும் ஆட்டத்துக்கு யாரும் காசு கொடுத்து வருவதில்லை.

ஆறு-நாலு-மூன்று:
நண்பரே, அந்த எண்ணிக்கையைக் கடிகாரத்தின் தலையில் மட்டும் ஏற்றாதீர்கள். பெருந்தொற்றுக்குப் பின் மக்கள் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. அதே 2023-இல்தான் பேஸ்களை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். ஓடுபவரை மடக்கப் பிட்சர் மேட்டை விட்டு விலகுவதற்கும் வரம்பு வைத்தார்கள். பேஸ் திருட்டுகள் (பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) 2,486-லிருந்து 3,503 ஆக உயர்ந்தன. ஓட்டம் எனக்கும் பிடிக்கும். அதற்குக் கடிகாரம் எதற்கு?

இன்னொன்று. ஆட்டம் அரை மணி நேரம் குறைந்ததும், ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்திய பீர் விற்பனையைச் சில அணிகள் எட்டாவது இன்னிங்ஸ் வரை நீட்டின. நேரம் குறையலாம், கல்லா குறையக் கூடாது!

இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள பாட்டக்கெட்டில் 1981 ஏப்ரலில் நடந்த சிறு லீக் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். சமநிலையிலேயே 32 இன்னிங்ஸ் வரை இழுத்து, விடியற்காலை 4.07-க்கு நிறுத்தினார்கள், ஜூனில் மீண்டும் தொடங்கியபோது 33-ஆவது இன்னிங்ஸிலேயே, 18 நிமிடங்களில் முடிந்தது. முடிவு எப்போது என்று எவருக்கும் தெரியாத ஒரு விளையாட்டில்தான் அது நடக்கும்.

கடைசி ரயில்:
அந்த விடியலில் குளிரில் மிஞ்சியிருந்த ரசிகர்கள் 19 பேர். இருபதாவது ஆளாக நான் இருந்திருக்க மாட்டேன். நீங்கள் இருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆறு-நாலு-மூன்று:
நிச்சயமாக. அட்டை தீர்ந்தால் கைக்குட்டையில் எழுதியிருப்பேன்.

கேலி இருக்கட்டும். 2023 பிப்ரவரியில், நம் பாஸ்டன் ரெட் சாக்ஸும் அட்லாண்டா பிரேவ்ஸும் ஆடிய பயிற்சி ஆட்டத்தை மறந்துவிட்டீர்களா? ஒன்பதாவது இன்னிங்ஸ், 6-6, இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக். அந்த நிலையில் பேட்டர் நேரத்துக்குள் தயாராகவில்லை என்று நடுவர் ஸ்ட்ரைக் கொடுத்தார். ஆட்டம் சமனில் முடிந்தது. அந்தக் கடைசிப் பந்தை எறியாமலேயே! அப்படிப்பட்ட நொடியில் பிட்சர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் இரைச்சலை ஏற விடுவார். ஃபென்வேயில் முப்பத்தேழாயிரம் பேரின் சத்தம் இடப்புறத்து 37 அடிச் சுவரில் மோதித் திரும்பும். அதைத்தான் விநாடிக் கணக்கில் வெட்டுகிறார்கள்.

பச்சைச்சுவர்:
ஆட்டக்காரர்கள் விதியைப் பழகுவதற்கென்றே நடந்த ஆட்டம் அது. ஆனாலும் கடைசி இன்னிங்ஸில் மட்டும் கடிகாரத்தை அணைத்துவிடலாம் என்ற கருத்து எனக்கும் உண்டு.

கடைசி ரயில்:
அணைத்தால் பழைய நடை அந்த இன்னிங்ஸிலேயே திரும்பிவிடும். என் ரயிலும் போய்விடும். நான் ஒப்பமாட்டேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. மகளுக்கு ஸ்கோர் அட்டை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். பேட்டைச் சுழற்றாமல் நின்று அவுட்டானால் ‘கே’ எழுத்தை (K, ஸ்ட்ரைக்குகளால் அவுட் என்பதன் குறி) திருப்பிப் போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பந்தே வராமல், கடிகாரத்தால் மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்தால் என்ன எழுதுவது?

ஆறு-நாலு-மூன்று:
திருப்பிப் போட்ட ‘கே’தான். நான் அதன் பக்கத்தில் சிறிதாக ஒரு கடிகாரமும் வரைகிறேன். அதற்கு நேரம் போதுகிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.