சந்தா கட்டிப் போகும் மாளிகைத் தோட்டமா, காசில்லாத பொதுப் பாதையா?

பாதசாரி:
லண்டனுக்குத் தெற்கே இருக்கும் நம் ஆட்கள் பலர் வெயில் வந்ததும், பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் தொண்டு நிறுவனமான நேஷனல் டிரஸ்டுக்குச் சந்தா கட்டிவிடுகிறார்கள். அப்புறம் கட்டின காசு வீணாகக் கூடாதே என்று ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு மாளிகைக்குக் காரை விட்டு, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, டீயும் ஸ்கோனும் முடித்துத் திரும்புகிறார்கள். இங்கிலாந்து நாட்டுப்புறத்தைப் பார்க்கும் வழி அதுவல்ல என்பது என் கட்சி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 1,40,000 மைலுக்குப் பொதுப் பாதை இருக்கிறது. அடுத்தவர் கோதுமை வயலுக்கு நடுவில், பண்ணை வீட்டு முற்றத்தை ஒட்டி, யாரையும் கேட்காமல் நடக்கலாம். வொர்ஸ்டர் பார்க்கில் ரயில் ஏறி பாக்ஸ் ஹில் ஸ்டேஷனில் இறங்குங்கள். மோல் ஆற்றில் வரிசையாகப் போட்டிருக்கும் கற்கள்மேல் கால் வைத்துத் தாண்டினால் எதிரே செங்குத்தாகச் சுண்ணாம்புக் குன்று, ஏறி முடித்தால் டோர்கிங் ஊரே காலடியில் தெரியும். ரயில் டிக்கெட்டைத் தவிர ஒரு பென்னி செலவில்லை.

கொழுந்து:
நீங்கள் ஏறிய அந்தக் குன்று யாருடையது? நேஷனல் டிரஸ்டுடையது. வீட்டு மனைகளாகிவிடக் கூடாது என்று லியோபோல்ட் சாலமன்ஸ் என்பவர் சொந்தக் காசில் வாங்கி 1914-இல் நாட்டுக்காக ஒப்படைத்தது. புல்லை மேய விட, புதர் வெட்ட, படி சரிசெய்ய எங்களைப் போன்றவர்கள் கட்டும் சந்தாதான் போகிறது. ஓசியில் நடந்துவிட்டு, காசு கொடுப்பவர்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

இன்னொன்று. என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. உங்கள் பொதுப் பாதையில் வேலிக்கு வேலி மரப்படி ஏறி இறங்க வேண்டும், மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு, கன்றோடு பசு நின்றால் சுற்றிப் போக வேண்டும், கழிப்பறை என்ற பேச்சே கிடையாது. அம்மாவை நான் ஈஷருக்குப் பக்கத்தில் இருக்கும் கிளேர்மாண்ட் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறேன். ஏரியைச் சுற்றிப் பெரும்பாலும் சமதளப் பாதை, அங்கங்கே பெஞ்சு. ஏரிக்கு எதிரே புல்லாலேயே படிப்படியாக வெட்டிய அரைவட்ட அரங்கு ஒன்று இருக்கிறது, தோட்டக் கலைஞர் சார்லஸ் பிரிட்ஜ்மேன் 1720களில் அமைத்தது. வெயில் சாயும்போது ஒவ்வொரு படியின் நிழலும் அடுத்த படியில் வளைவாக விழும். 1970களில் அது மரமும் புதரும் மூடிக் காடாகக் கிடந்தது, டிரஸ்ட் வெட்டி மீட்டது. நீங்கள் சொல்கிற மாதிரி எல்லாரும் பாதையில் மட்டும் நடந்துகொண்டிருந்தால் அது இன்னும் காடாகத்தான் கிடந்திருக்கும்.

ஆற்காட்டான்:
கிளேர்மாண்டா? அந்த இடம் யார் கையில் இருந்தது என்று அம்மாவிடம் சொன்னீர்களா? 1744-இல் சென்னைக்குக் கணக்கெழுதும் குமாஸ்தாவாக வந்து இறங்கிய ராபர்ட் கிளைவ். 1751-இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து அங்கேயே முற்றுகையைச் சமாளித்துப் பேர் வாங்கியவர், அப்புறம் வங்காளத்தில் சேர்த்த பணத்தோடு திரும்பிவந்து 1768 வாக்கில் இந்த எஸ்டேட்டை வாங்கினார். இருந்த வீட்டை இடித்து, பேர்போன தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுனை வைத்துப் புதிதாகக் கட்டினார். நான் ஆற்காட்டுக்காரன். அங்கே உடைந்த மதிலும் டெல்லி கேட்டும்தான் மிச்சம். அந்தப் புல்மேட்டில் போர்வை விரித்துச் சோறு சாப்பிட எனக்கு மனசு வராது, அதற்குச் சந்தா கட்டவும் வராது.

கொழுந்து:
கோபம் புரிகிறது சகோ. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுவோம். அந்தப் புல் அரங்கும் ஏரியும் கிளைவ் வாங்குவதற்கு முன்னாலேயே, முன்பு அதை வைத்திருந்த நியூகாசில் பிரபு காலத்திலேயே வந்தவை. கிளைவ் கட்டிய வீடு இன்று பள்ளிக்கூடம், டிரஸ்டிடம் இருப்பது தோட்டம் மட்டும். வீடு கட்டி முடிந்து நிம்மதியாகக் குடியிருக்கவும் அவருக்கு வாய்க்கவில்லை, 1774-இல் செத்துப்போனார். அடிமை வியாபாரத்தோடும் காலனி ஆட்சியோடும் தொடர்புள்ள 93 இடங்களை டிரஸ்டே 2020 அறிக்கையில் பட்டியல் போட்டது, அதற்காக இங்குள்ள பத்திரிகைகளிடமும் எம்.பி.க்களிடமும் ஏச்சும் வாங்கியது. நாம் போகாமல் விட்டால் அந்த வரலாற்றை அங்கே நின்று கேட்பதற்கு யார் இருப்பார்கள்? பெர்க்‌ஷயரில் பாசில்டன் பார்க் வங்காளத்தில் பணம் பண்ணிய பிரான்சிஸ் சைக்ஸ் கட்டியது. நான் அங்கே போனபோது அந்தப் பணம் எப்படி வந்தது என்று வழிகாட்டும் தன்னார்வலரிடம் நேராகக் கேட்டேன். அந்த அம்மாள் மழுப்பாமல் பதில் சொன்னார்.

வல்வையூரான்:
இரண்டு பேரும் மாளிகை, பாதை என்று கதைக்கிறீர்கள், நடுவில் ஒரு நல்ல விஷயத்தை விட்டுவிட்டீர்கள். நேஷனல் கார்டன் ஸ்கீம் தெரியுமோ? 1927-இல் தொடங்கினது, அந்த வருடம் 609 தோட்டங்களை ஒரு ஷில்லிங் கட்டணத்துக்குத் திறந்து தாதிமாருக்குக் காசு சேர்த்தார்கள். இன்றைக்கும் சாதாரணச் சனம் தங்கள் வீட்டுப் பின்வளவை வருடத்தில் ஒன்றிரண்டு நாள் திறந்துவிடுகிறார்கள். நாங்கள் போன ஒரு வளவில் வீட்டுக்காரக் கிழவர் அவரையையும் இனிப்புப் பட்டாணிப் பூவையும் ஒரே கம்புக் கூண்டில் ஏற்றியிருந்தார், ஒரு பக்கம் சிவப்புப் பூ, மற்றப் பக்கம் ஊதாப் பூ, அவ்வளவு வடிவு. என் மனுசி அந்தக் கூண்டு கட்டுகிற விதத்தைக் கேட்க, மனுசன் கயிறை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக் காட்டினார். மாளிகையில் இப்படி ஒருத்தர் நின்று கதைப்பாரோ? செடி வளர்க்கிற ஆட்கள் போக வேண்டிய இடம் இதுதான். கொடுக்கிற காசும் நோயாளிகளைப் பார்க்கிற தாதிமாருக்குப் போகிறது, ஆற்காட்டு அண்ணைக்கும் மனசு உறுத்தாது.

பாதசாரி:
வல்வையூரான் சொன்னது நல்ல யோசனை, நன்றி. கொழுந்துவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்ஸ் ஹில் டிரஸ்டுடையது என்பது தெரிந்துதான் எழுதினேன். டிரஸ்டை 1895-இல் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆக்டேவியா ஹில் நகரத்து ஏழைகளுக்குத் திறந்தவெளி வேண்டும் என்று போராடியவர். மாளிகை மேல் மாளிகையாகச் சேர்ந்ததெல்லாம் பிற்பாடு நடந்தது. நான் கேட்பது அந்தப் பழைய நோக்கத்தைத்தான்.

பாதையும் சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் மலைக்குள், வேட்டைக்கு ஒதுக்கிய தனியார் நிலத்தில், அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். தேசியப் பூங்காக்களுக்கும் பாதைகளைப் பதிவு செய்வதற்கும் சட்டம் வந்தது 1949-இல்தான். இன்றைக்கும் ஒரு வழியைச் சனங்கள் இருபது வருடம் தடையில்லாமல் உரிமையோடு நடந்து பயன்படுத்தியிருந்தால் அதைப் பொதுப் பாதையாகப் பதியச் சொல்லிக் கேட்க முடியும். வயல் நடுவே போகும் பாதையை விவசாயி உழுதால், விதைப்புக்கான முதல் உழவு என்றால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குச் சரிசெய்து கொடுக்க வேண்டும். போன ஜூனில் ஒரு வயலில் இடுப்பளவு பார்லி பாதையை முழுக்க மூடியிருந்தது, கவுன்டி கவுன்சிலுக்குப் படத்தோடு எழுதினேன், அடுத்த முறை போனபோது கதிருக்கு நடுவில் வகிடு எடுத்த மாதிரி வழி விட்டிருந்தார்கள். நடக்க ஆள் இல்லையென்றால் யார் புகார் கொடுப்பது?

அம்மா விஷயம் நியாயம், மறுக்கவில்லை. ஆனால் பாக்ஸ் ஹில் உச்சி வரைக்கும் கார் போகும். அங்கிருந்து சாலமன்ஸ் நினைவு மேடைக்கு மரப்படி எதுவும் ஏறாமல் போய்விடலாம். கிளேர்மாண்ட் ஒன்றுதான் கதி என்பதில்லை.

கொழுந்து:
உச்சியில் கார் நிறுத்தக் காசு, தெரியுமில்லையா? சந்தா கட்டியவர்களுக்கு இலவசம். கழிப்பறையும் டீக்கடையும் அங்கே டிரஸ்ட் நடத்துவதுதான். எந்தப் பக்கம் போனாலும் என் பக்கம்தான் வந்து நிற்கிறீர்கள்.

ஆற்காட்டான்:
கொழுந்து, தன்னார்வலரிடம் நேராகக் கேட்டேன் என்றீர்களே, அது எனக்குப் பிடித்தது. ஆனாலும் காசு விஷயத்தில் மாறமாட்டேன். செப்டம்பரில் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் என்று பல பழைய இடங்களை இலவசமாகத் திறக்கிறார்கள், பாசில்டன் பார்க் மாதிரி ஒன்று திறந்தால் அன்றைக்குப் போய் என் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பாதசாரி சொன்ன ஆற்றுக் கல்வரிசை போதும். நேற்று நல்ல மழை, ஞாயிற்றுக்கிழமை தாண்ட முடியுமா?

பாதசாரி:
மழை விட்ட கையோடு போகாதீர்கள், மோல் ஆற்றில் தண்ணீர் ஏறினால் கல் எதுவும் கண்ணுக்கே தெரியாது. கொஞ்ச தூரத்தில் நடைபாலம் இருக்கிறது, அது வழியாகப் போய்க் குன்றில் ஏறுங்கள். சுண்ணாம்பு மண் நனைந்தால் ரொம்ப வழுக்கும், தேய்ந்த ஷூ வேண்டாம். தெம்பு மிச்சம் இருந்தால் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் டென்பீஸ் திராட்சைத் தோட்டத்துக்குள்ளும் பொதுப் பாதை போகிறது, அதற்கும் டிக்கெட் கிடையாது.

கொழுந்து:
போய்விட்டு வந்து எழுதுங்கள். நான் அம்மாவோடு அதே ஞாயிறு உச்சியில்தான் இருப்பேன், சந்தா அட்டையோடு. டீ என் செலவு, யாரும் மறுக்கக் கூடாது.