மறு: சிறப்பு வரி மாவட்டம் – இந்தச் சொல் சரிதானா?

குழுவினருக்கு வணக்கம். 'ஸ்பெஷல் டாக்ஸிங் டிஸ்ட்ரிக்ட்' (special taxing district) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது. குப்பை அகற்றுவது போன்ற ஒரு வேலைக்காக, ஓர் எல்லைக்குள் இருப்பவர்களிடம் மட்டும் பணம் வாங்கும் அமெரிக்க ஏற்பாடு அது.

> "சிறப்பு வரி மாவட்டம்" என்றே வைத்துவிடலாம். அகராதிப்படி மூன்று சொற்களும் சரி.

தனித்தனியே சரிதான், சேர்த்து வைத்தால்தான் கோளாறு. போன நவம்பரில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இருப்பது ஃபுளோரிடாவில், எந்த நகராட்சியின் எல்லைக்குள்ளும் வராத கவுண்டிப் பகுதியில். சொத்துவரிச் சீட்டு இங்கே நவம்பரில் வரும். அந்த மாதமே கட்டினால் 4 சதவீதம் தள்ளுபடி. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டின் தலைப்பில் 'டாக்ஸ் கலெக்டர்' என்று பார்த்ததும் "இங்கயும் கலெக்டர்தானா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர் என்று சொன்னதும் சுவாரசியம் போய்விட்டது.

'மாவட்டம்' என்றாலே நமக்குள் ஆட்சியர், கோட்டாட்சியர், தாசில்தார் என்று ஒரு வரிசை வந்து நின்றுவிடுகிறது. போதாக்குறைக்குக் கவுண்டியையே நம்மில் பாதிப்பேர் மாவட்டம் என்றுதான் எழுதுகிறோம். அதற்குள் குப்பைக்கென்று இன்னொரு மாவட்டமா? உண்மையில் அது வரைபடத்தில் போட்ட ஒரு கோடும், அந்தக் கோட்டுக்குள் இருப்பவர்களுக்கான ஒரு தனிக் கணக்கும். அவ்வளவுதான். அமெரிக்காவில் 2017 கணக்கெடுப்பின்படி தனி அமைப்பாகவே இயங்குபவை மட்டும் 38 ஆயிரத்துக்கு மேல்: தீயணைப்புக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, கொசு ஒழிப்புக்குக்கூட ஒன்று. ஃபுளோரிடாவின் எம்.எஸ்.டி.யூ. (உள்ளூர்ச் சேவைக்கு வரி போடும் பகுதி), எம்.எஸ்.பி.யூ. (அதே சேவைக்குப் பயன்பெறுவோரிடம் தொகை வாங்கும் பகுதி) இரண்டும் அந்த வகையில்கூடச் சேராது. கவுண்டி ஆணையர் குழுவே கோடு போட்டு, கவுண்டியே பணத்தைக் கையாளும்.

என் முன்மொழிவு: தனிவரி வட்டகை.

'சிறப்பு' வேண்டாம். நம்மூரில் சிறப்பு என்றால் கூடக் காசு கொடுத்தவருக்குச் சின்ன வரிசை. இங்கே பொருள் 'ஒரே வேலைக்கென்று பிரித்தது'. அதற்குத் 'தனி' என்ற சொல்லை நம் அலுவலகங்கள் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டன. ஸ்பெஷல் தாசில்தாரை யாரும் சிறப்பு வட்டாட்சியர் என்பதில்லை, தனி வட்டாட்சியர்தான். (இது அப்பா எடுத்துக் கொடுத்தது.) 'சேவைவரி வட்டாரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்தியாவில் 1994 முதல் 2017 வரை இருந்த வரியின் பெயர் அது. வாசகர் ஓட்டல் பில்லை நினைப்பார். மண்டலம் பெரிது, வட்டம் தாலுகா ஆகிவிட்டது. 'எங்க வட்டகையில மழையே இல்ல' என்று சொல்லும் வட்டகைக்கு ஆபீஸ் வாசனை ஏறவில்லை. அதனால்தான் அதை எடுத்தேன்.

அடுத்ததுதான் சிக்கல்: அந்த வட்டகைக்குள் வாங்கும் 'ஸ்பெஷல் அசெஸ்மென்ட்' (special assessment) என்ற தொகைக்கு என்ன பெயர்? எங்கள் சீட்டு இரண்டு பாகம். மேல் பாகத்தில் பள்ளி வாரியம், கவுண்டி, நீர் மேலாண்மை என வரிசையாக மில் கணக்கு: ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் என்றால் ஒரு மில். கீழ்ப் பாகத்தில் குப்பை. அதற்கு மில் கிடையாது, வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. இரண்டு லட்சம் டாலர் வீடும் பத்து லட்சம் டாலர் வீடும் ஒன்றுதான். சொந்த வீட்டில் குடியிருப்போருக்கான வரிச் சலுகை மேல் பாகத்தைத்தான் குறைக்கும், இதைத் தொடாது.

குப்பைக்கு ஏன் இந்த ஏற்பாடு? கிடங்கு வாசலில் எடை போட்டு வாங்கும் கட்டணத்தை நம்பினால், மக்கள் மறுசுழற்சிக்குப் பிரித்துப் போடப் போட வருமானம் விழும். பிரித்ததை விற்றுச் சரிக்கட்டலாம் என்றால், 2018-இல் சீனா கழிவு இறக்குமதிக்குக் கதவைச் சாத்தியதும் அந்த விலையும் சரிந்தது. இன்னொன்றை யாரும் நினைப்பதில்லை: மூடிய கிடங்குக்கு வாடிக்கையாளர் கிடையாது, ஆனால் கூட்டரசு விதிப்படி அதன் கசிவுநீரையும் வாயுவையும் 30 ஆண்டு கண்காணிக்க வேண்டும். ஆக, எடையோடு ஏறி இறங்காத பணம் வேண்டும். சொத்துவரிச் சீட்டில் ஏற்றிவிட்டால் வசூலும் தப்பாது.

கீழ்ப் பாகத்துத் தொகையை 'வரி' என்று எழுதினால் தவறு. அது வரியே அல்ல என்பதுதான் சட்டத்தின் நிலை. அதற்கு இரண்டு நிபந்தனை: சொத்துக்குத் தனிப் பயன் இருக்க வேண்டும், தொகை நியாயமாகப் பங்கிடப்பட்டிருக்க வேண்டும். ஃபுளோரிடாவின் க்ளே கவுண்டி குப்பைத் தொகை வழக்கில் 1997-இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் கவுண்டியின் பக்கம் நின்றது. கலிஃபோர்னியாவில் சொல்லை மாற்றினால் வாக்குக் கணக்கே மாறும்: உள்ளாட்சி கொண்டுவரும் தனிவரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், குப்பைக் கட்டணத்துக்கோ வாக்கெடுப்பே இல்லை, பாதிக்கு மேற்பட்டோர் எழுத்தில் மறுத்தால் மட்டும் விழும்.

> மதிப்பீடு என்று போடலாமே? எங்கள் ஊர்ச் சோலைவரியும் மதிப்பீட்டு வரிதானே.

யாழ்ப்பாண நண்பருக்கு: சோலைவரி அழகான சொல், ஆனால் அது ஆதனத்தின் பெறுமதியைப் பார்த்துப் போடுவது. இதுவோ பெறுமதியைப் பார்க்காதது. ஆங்கிலம் இரண்டுக்கும் 'அசெஸ்மென்ட்' என்ற ஒரே சொல்லை வைத்துக் குழப்புவதால் நாமும் குழம்ப வேண்டியதில்லை.

எனக்கு முதலில் தோன்றியது 'தலைக்கட்டு வரி'. கோயில் கொடைக்கு ஊர் எல்லைக்குள் இருக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பது, பணக்காரருக்கும் அதே தொகை. ஏறக்குறைய இதே கணக்கு. ஆனால் யார் வரியை வாங்குவது, யார் வரியை மறுப்பது என்ற பழைய சண்டைகளும் அந்தச் சொல்லோடு வரும். தவிர, தலைக்கட்டு ஆளை எண்ணுவது, இது வீட்டை எண்ணுவது. அதில் 'கட்டு' மட்டும் எடுத்துக்கொண்டு பயன்கட்டு என்று வைத்தேன். பயனுக்காகக் கட்டுவது.

ஒரு வாக்கியம் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன்: "உங்கள் வீடு குப்பை அகற்றும் வட்டகைக்குள் வருகிறது. இதற்கான பயன்கட்டு சொத்துவரிச் சீட்டில் சேர்க்கப்படும்." படித்துவிட்டு, "அப்ப வட்டகைக்கு வெளிய இருக்கறவன் எங்க போடுவான்?" என்றார். கூடுதல் விளக்கம் எதுவும் கேட்கவில்லை.

பாக்கி விழுந்தால் சொத்தின்மேல் ஏறும் பிடிமானத்துக்கு (ஆங்கிலத்தில் லீன், lien) 'வில்லங்கம்' என்றே போட்டிருக்கிறேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் பழகியவர்கள் யாராவது இருந்தால், அது சரிப்படுமா என்று எழுதுங்கள்.