மறு: மறு: வைரத்தின் ‘கட்’டுக்குத் தமிழில் என்ன?

நல்லூரிலிருந்து:

வணக்கம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்றுக்கு நாலு பக்கத் துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறேன். நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் தெரிவு செய்பவர்களுக்கானது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நிறம், தெளிவு, கரட் எடை மூன்றும் பிரச்சினையில்லை. ‘கட்’டில் நிற்கிறேன். ‘வெட்டு’ என்று போட்டால் “வெட்டு: மிகச்சிறப்பு” என்று வருகிறது, இறைச்சிக்கடைப் பலகை மாதிரி. சான்றிதழில் கட், பொலிஷ், சிமெற்றி மூன்றும் தனித்தனிக் கட்டங்கள். வடிவம் வேறொரு கட்டம். நாலும் ஒன்றோடொன்று முட்டாத சொற்களாக வேண்டும்.

வட்டுக்கோட்டையிலிருந்து:

பிள்ளை, முதலில் பொருளைப் பிடிப்போம். கல் வட்டமா நீள்வட்டமா என்பது வடிவம். ‘கட்’ என்பது பட்டைகளின் (தீட்டிய தட்டைப் பரப்புகளின்) சரிவும் விகிதமும் சேர்ந்து, உள்ளே போன ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறதா என்பது. வைரத்தின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை வளைக்கும் அளவு, 2.42. அவதிக் கோணம் 24.4 பாகை: உள்ளிருக்கும் ஒளி அதற்கு மேல் சாய்ந்து பட்டால் வெளியேறாமல் உள்ளேயே முழுதாய்த் தெறிக்கும். 1919இல் பெல்ஜியப் பொறியியலாளர் மார்செல் தொல்கொவ்ஸ்கி கணித்த அடிச்சரிவு (கல்லின் அடிப்பட்டைகளின் சரிவு) 40.75 பாகை. மேலிருந்து நேரே இறங்கும் கதிர் முதல் அடிப்பட்டையில் 40.75 பாகையிலும், எதிர்ப்பட்டையில் 57.75 பாகையிலும் படும். இரண்டும் 24.4ஐத் தாண்டுவதால் முழுவுட்டெறிப்பு நடந்து ஒளி மேலே வரும். அதே சரிவில் கண்ணாடியைத் தீட்டினால் அதன் அவதிக் கோணம் ஏறக்குறைய 41.8. முதல் பட்டையிலேயே ஒளி கீழே ஒழுகிவிடும். கத்தியால் வெட்டுகிற காரியம் இதில் எங்கே வருகிறது? ‘வெட்டு’ வேண்டாம்.

கரவெட்டியிலிருந்து:

மாஸ்ரர் சொன்னது சரி. வைரத்தைப் பிளப்பார்கள், அரிவார்கள், உருட்டி வட்டமாக்குவார்கள், கடைசியில் வைரப்பொடி பூசிய சில்லில் வைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்புக்குத் தமிழில் ‘தீட்டல்’ இருக்கவே இருக்கிறது. கத்தி தீட்டுகிறோம், அரிசி தீட்டுகிறோம். ஆகவே ‘தீட்டுத்தரம்’. வைரத்துக்குச் சொல் இல்லாத மொழியா நம்முடையது? சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று குற்றங்களை வகுத்து வைத்திருக்கிறது.

சென்னையிலிருந்து:

ஐயா, கல்யாண மோதிரத்துக்குத் ‘தீட்டுத்தரம்’ என்று அச்சடித்தால் இங்கே ஒருத்தரும் கடைக்குள் கால் வைக்கமாட்டார்கள். ‘அவதிக் கோணம்’ வேறு! நாங்கள் மாறுநிலைக் கோணம் என்றுதான் படித்தோம்.

கரவெட்டியிலிருந்து:

நீங்கள் சொல்கிற தீட்டுக்கு எங்கள் ஊரில் ‘துடக்கு’ என்றுதான் பேச்சு. தவிர அது தீண்டு என்பதிலிருந்து வந்த தீட்டு. கூராக்கும் தீட்டு வேறு வேர். மை தீட்டுவதும் ஓவியம் தீட்டுவதும் இதன் வழி. தேய், தேய்வு, தீற்று என்று இன்னும் போகலாம்...

வட்டுக்கோட்டையிலிருந்து:

போகவேண்டாம். வேர் எதுவானாலும் அது பொலிஷ் கட்டத்தோடு முட்டுகிறது. பட்டையின் மேற்பரப்பில் கீறல், எரிந்த தடம் இல்லாமல் இருப்பது பொலிஷ். அதற்குத்தான் தீட்டலோ மெருகோ பொருந்தும். மெருகு மிகச்சிறப்பாய் இருந்தும் சரிவு பிழைத்த கற்கள் சந்தையில் தாராளம். தம்பி, அவதி என்றால் எல்லை. எங்கள் பாடப்புத்தகச் சொல் எங்களோடு இருக்கட்டும்.

கஸ்தூரியார் வீதிப் பட்டறையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். கடைக்கு வாற சனம் கேக்கிறது “கட் எப்பிடி?” எண்டுதான். சொல்லை நீங்கள் முடிவெடுங்கோ. ஆனால் பிரசுரத்தில கீழே உள்ளது கட்டாயம் வரவேணும்.

கடையின்ர சின்னச்சின்னக் குவிலைற்றுக்குக் கீழ எந்தக் கல்லும் மின்னும். வாசல்பக்கம் வெயில் படாத வெளிச்சத்தில, ஒரு அடி தள்ளிப் பிடிச்சு, மெதுவாய்ச் சரிச்சுப் பாருங்கோ. நடுவில கறுப்பு வட்டமாய் அடைச்சுக்கொண்டு நிண்டால் அடிப்பகுதி ஆழம் கூட. மேற்தளத்துக்குள்ள (உச்சியில இருக்கிற பெரிய பட்டை) சாம்பல் வளையம் தெரிஞ்சால் அடி தட்டை, தெரியிறது இடைவிளிம்பின்ர, அதாவது மேற்பாதியும் அடிப்பாதியும் சந்திக்கிற ஓரத்தின்ர, விம்பம். வட்டக்கல்லு 1 கரட் எண்டால் குறுக்களவு 6.4, 6.5 மில்லிமீற்றர் வரவேணும். 6.1தான் வருதெண்டால் எடை அடியிலயோ இடைவிளிம்பிலயோ ஒளிச்சிருக்கு. கரட்டுக்குக் காசு குடுக்கிறியள், ஆனால் விரலில தெரியிறது முக்கால் கரட்டின்ர அளவு கொஞ்சம் மேல. இடைவிளிம்பு மிக மெல்லிசெண்டால் அது வேற கரைச்சல். கொக்கி அமத்தேக்க ஓரம் உடையும்.

சான்றிதழில மேற்சரிவையும் அடிச்சரிவையும் சேத்துப் பாக்கவேணும். மேல் 34 பாகை எண்டால் அடி 41 பிடிக்கும், மேல் 35 எண்டால் 40.6. ஒண்டு ஏறினால் மற்றது இறங்கவேணும். 36க்கு 41.4 எண்டு ரெண்டும் ஏறின கல்லை எடுக்காதேங்கோ. குறுக்களவில மேற்தளம் 54 முதல் 58 வீதத்துக்குள்ள, மொத்த ஆழம் 59 முதல் 62.5க்குள்ள இருந்தால் மிச்சத்தைப் பாக்கலாம். இன்னொண்டு: வைரத்தில எண்ணெய் சுகமாய் ஒட்டும். போட்ட மோதிரம் மங்கினால் ‘கட்’டைக் குறை சொல்ல முதல் சவர்க்காரத் தண்ணியில அடிப்பக்கத்தைக் கழுவுங்கோ.

ரொறன்ரோவிலிருந்து:

அண்ணை சொன்னதே போதும். ‘கட்’ என்றே எழுதுங்கோ. இங்கே வளரும் பிள்ளைகளுக்குப் புதுச்சொல் இன்னொரு பூட்டு.

நல்லூரிலிருந்து:

‘கட்’ என்று தனியே எழுதினால் “கட்டின் தரம்” என்று வேற்றுமை ஏறும்போது கல்லுக் கட்டும் வேலையோடு குழம்புகிறது. ‘பட்டை’யை வைத்து ஏதாவது?

வட்டுக்கோட்டையிலிருந்து:

அதுதான் வழி. எட்டுப்பட்டைத் தூண் எல்லாருக்கும் தெரியும். பளிங்கில் இயற்கையாய் அமைந்தது முகம், மனிதன் தீட்டியது பட்டை என்று பிரிக்கவும் வசதி. வட்ட வைரத்துக்கு மேலே 33, கீழே 24, ஆக 57 பட்டை. அடிநுனியையும் தட்டையாக்கினால் 58. இவை ஒன்றுக்கொன்று நிற்கும் நிலை ‘பட்டையமைவு’.

சென்னையிலிருந்து:

‘பட்டை’ என்றால் இங்கே சாராயமும் நினைவுக்கு வரும். ஆனாலும் பட்டை தீட்டிய வைரம் என்ற வழக்கு காப்பாற்றும். சரி.

கரவெட்டியிலிருந்து:

உடன்பாடில்லை. அமைவு என்றால் பட்டைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதுதான். அது சிமெற்றிக்குப் போகவேண்டிய சொல். சரிவு எங்கே, ஒளி எங்கே? ‘ஒளிச்சரிவு’ என்றால் என்ன குறை? இடைவிளிம்பு என்று சப்பென்று எழுதுவதற்கு ‘மேகலை’ என்று எழுதலாமே.

கஸ்தூரியார் வீதிப் பட்டறையிலிருந்து:

ஐயா, “மேகலை தடிப்பு” எண்டு சொன்னால் மாப்பிள்ளைப் பகுதி சண்டைக்கு வரும்.

நல்லூரிலிருந்து:

நாலு பேர் ‘பட்டையமைவு’ என்கிறோம், அல்லது எதிர்க்கக் களைத்துவிட்டோம். முதல் பக்கத்தில் “பட்டையமைவு, அதாவது கட்” என்றும் பிறகு பட்டையமைவு என்றும் போடுகிறேன். பொலிஷ் மெருகு, சிமெற்றி சமச்சீர். சான்றிதழ் வழங்கும் அமெரிக்க இரத்தினக்கல் நிறுவனமான ஜீ.ஐ.ஏ. 2006 முதல் இந்தக் ‘கட்’ தரத்தை வட்டக் கற்களுக்கு வழங்கத் தொடங்கியது என்ற குறிப்பையும் சேர்க்கிறேன். நீள்வட்டக் கல்லின் நடுவே குறுக்காக விழும் கறுப்புப் பட்டாம்பூச்சிக்கு ஆங்கிலத்தில் ‘போ-ரை’ என்ற கழுத்துப்பட்டியின் பெயர். தமிழில் என்ன போட? நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்.

கரவெட்டியிலிருந்து:

‘நிழற்சிறை’. சிறை என்றால் சிறகு. பட்டையமைவுக்கு என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது.

ரொறன்ரோவிலிருந்து:

ஐயா, சிறை என்றால் மறியல் என்றுதான் வாசிப்பார்கள். கலியாண மோதிரத்துக்கு அதுவுமா?