மெயின் டிரெயினுக்குத் தமிழில் என்ன?

மார்த்தாண்டத்திலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். பிளம்பிங் படிக்கும் பிள்ளைகளுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய வீட்டு நீச்சல் குளங்களின் பழுது பார்க்கும் பாடத்தில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன். ஆழப் பக்கத்தில், தரையில் இருக்கும் மெயின் டிரெயின். 'வடிகால்' என்று எழுதியிருந்தேன். "அப்போ அந்தத் தண்ணி ஓடைக்குத்தானே சார் போகும்?" என்று ஒரு பையன் கேட்டான். போகாது. மோட்டார் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகக் குளத்துக்கே திருப்பி விடுகிறது. இது பிடிபடாதவன் பழுதை வேறெங்கோ தேடுவான். ஸ்கிம்மர் (குளத்தின் மேல்மட்டத்து நீரை இழுக்கும் வாய்) வால்வை மூடி, மெயின் டிரெயின் குழாயை மட்டும் திறந்து மோட்டாரை ஓட்ட வேண்டும். இழுவை குறைந்தால் பெரும்பாலும் அடைப்பு. மோட்டார் முன்னால் குப்பையைப் பிடிக்கும் வடிகூடையில் குமிழி வந்தால் எங்கோ காற்று புகுகிறது. 'அடி உறிஞ்சுவாய்' சரிப்படுமா?

நாகர்கோவிலிலிருந்து:
தம்பி, உறிஞ்சுவாய் என்பது முன்னிலை ஒருமை எதிர்கால வினைமுற்றும் ஆகும். பாடநூலில் இந்த மயக்கம் கூடாது. தூம்பு இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ஏரிகளில் குமிழித்தூம்பு வைத்தவர்கள் நாம். ஏரித் தரையில் கல்தொட்டி, மேலே அடைகல், அதைத் தூக்கினால் கரைக்கு அடியில் நீர் ஓடும். மலைபடுகடாத்தில் 'களிற்று உயிர்த் தூம்பு' வருகிறது. யானை பெருமூச்சு விடுவது போல ஒலிக்கும் நெடிய ஊதுகருவி. தும்பிக்கையும் இந்தத் தூம்பின் வழி வந்ததே என்பது என் துணிபு. தும்பிக்கை நீரை உறிஞ்சுகிறதல்லவா? எனவே 'அடித்தூம்பு'.

பாறசாலையிலிருந்து:
ஐயா, தும்பிக்கை வரை போக வேண்டாம். ஏரித்தூம்பில் தண்ணீர் தானாக இறங்குகிறது. வயலுக்குப் போனது திரும்பி வராது. பையனின் குழப்பம் அப்படியே இருக்கும். இங்கே மலையாளத்தில் நீர் போகும் வழியை ஓவு, ஓவுசால் என்பார்கள். எல்லையின் இரு பக்கமும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு 'அடி ஓவு' எளிது.

நாகர்கோவிலிலிருந்து:
தமிழில் ஓவுதல் என்றால் ஒழிதல், அம்மா. நீர் ஒழிந்து போகும் இடம் என்றுதான் பொருள் வரும், அதுவும் வடிகால்தான்.

களியக்காவிளையிலிருந்து:
அண்ணன்மாரே, கடையில் மெயின் டிரெயின் மூடி என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சொல்லைவிட முக்கியமான ஒன்று: பழைய குளங்களில் ஒரே ஒரு துளைதான், மேலே தட்டையான கிரில். அது உடைந்தோ கழன்றோ இருந்தால் குழந்தையின் முடியையோ கையையோ இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இந்த ஆபத்துக்காகவே அமெரிக்காவில் 2007-இல் தனிச் சட்டம் போட்டார்கள். மூடி சரியில்லை என்றால் மோட்டாரை நிறுத்து, யாரையும் இறங்க விடாதே என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். உறிஞ்சுகிறது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். என் ஓட்டு உறிஞ்சுவாய்க்கு. இலக்கணம் பொறுத்துக்கொள்ளும்.

மார்த்தாண்டத்திலிருந்து:
சரி, நாள் இல்லை. தனி மடல்களையும் சேர்த்துப் பார்த்தால் அடித்தூம்புக்கே ஆதரவு அதிகம். முதல் இடத்தில் மெயின் டிரெயின் என்பதையும் சேர்த்து, உறிஞ்சும் துளை என்று விளக்கிவிடுகிறேன். மூடி எச்சரிக்கை முதல் வரியில் வரும். அப்புறம், மெயின் டிரெயின் குழிக்குள்ளேயே இருக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் வால்வு? மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி, காலியான குளத்தைத் தூக்கிவிடாமல் நீரை உள்ளே விடுவது. திறந்தபடி சிக்கினால் குளத்து நீர் மண்ணுக்குள் இறங்கும். 'ஊற்றழுத்த வால்வு' என்று வைத்திருக்கிறேன்.

பாறசாலையிலிருந்து:
அடித்தூம்பில் எனக்கு உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். ஊற்றழுத்தம் நன்றாக இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து:
வால்வு என்ற சொல்லை ஏன் அப்படியே விட்டுவிட்டீர்கள், தம்பி? தடுக்கிதழ் இருக்கிறதே.